பழைய ரோட்ஸ்டருக்குச் செலவழிப்பதா, புதியதற்குக் காத்திருப்பதா? தலவாக்கலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று இருக்கிறது. வெளிநாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்றும் அமெரிக்காவில் மியாட்டா என்றும் சொல்லப்படுகிற அதே கார்தான். அந்தக் காலத்தில் ஜப்பானில் மஸ்டாவின் யூனோஸ் விற்பனைக் கிளை வழியாக விற்றதால் இந்தப் பெயர். 1.6 லீற்றர் இன்ஜின், ஐந்து கியர், இரண்டு இருக்கை, துணிக் கூரை. பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போய்வர என்றே வைத்திருந்தாராம். அப்புறம் கைமாறிக் கைமாறி இவரிடம் வந்து சேர்ந்தது.

போன வருஷக் கடைசியில் கராஜ் பாஸ் போட்டுக் கொடுத்த திருத்தச் செலவைப் பார்த்ததும் உரிமையாளருக்கு மூன்று யோசனை வந்தது. இதற்கே காசைக் கொட்டுவதா? இதை விற்றுவிட்டு இப்போது விற்பனையில் இருக்கும் நான்காம் தலைமுறைக் காரைத் தேடுவதா? இல்லை, ஐந்தாம் தலைமுறை வரும்வரை பொறுத்திருப்பதா? பாஸ் ஒரு பக்கம், உரிமையாளரின் மைத்துனர் இன்னொரு பக்கம். நடுவில் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். வாகனங்களைப் பற்றி எழுதுகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஒரு காரின் எதிர்காலம் என்றால் தொழிற்சாலையில் என்ன தீர்மானிக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பது வழக்கம். நம் மலையகத்தில் அந்தக் காருக்கு எதிர்காலம் உண்டா என்பது வேறு கணக்கு.

காரின் நிலை

இன்ஜினில் பெரிய குறை இல்லை. பீ6 வகை இன்ஜின் மஸ்டா ஃபமிலியாவில் வந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபமிலியா நம் நாட்டில் ஊர் ஊராக ஓடிய கார் என்பதால் பம்ப், பெல்ட், கேஸ்கட் போன்றவற்றைக் கொழும்பில் பழைய வாகன பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலைந்தால் பொறுக்கிவிடலாம். 185/60 அளவு 14 அங்குல டயரும் தட்டுப்பாடான சாமான் இல்லை. கிளச்சின் கீழ்ச் சிலிண்டர் கசிந்தது. அது இந்தக் காரின் பழைய வியாதி, விலையும் குறைவு. பிரேக் எண்ணெய் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த எண்ணெயோடு கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், சூட்டில் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகி மிதி அப்படியே தரைவரை போகும். அதை உடனே மாற்றச் சொன்னேன். அதில் விவாதத்துக்கே இடமில்லை.

பிரச்சினை தகரத்தில்தான். இந்தக் காரில் துணிக் கூரைமேல் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள துவாரங்கள் வழியாக இறங்கி, பின் சில்லுக்குச் சற்று முன்னால் காரின் அடியில் வெளியேற வேண்டும். சமவெளியில் நிற்கும் காருக்கு இது பெரிய விஷயமில்லை. தேயிலை நிழல் மரத்துக்குக் கீழே, வருஷத்தில் பாதி நாள் தூறல் விழுகிற ஊரில் நிற்கும் காருக்கு அந்தத் துவாரம்தான் உயிர்நாடி. அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று யாரும் இவரிடம் சொல்லவில்லை. போதாததற்கு, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது கார் சாக்குத் துணி போர்த்தியபடி கொட்டகையிலேயே கிடந்தது. பாதைகள் மூடிக் கிடந்த, வீடுகள் மண்ணுக்குள் போன அந்த நாட்களில் கூரைத் துவாரத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்?

பாஸ் தடித்த நைலோன் நரம்பு ஒன்றை எடுத்து இடது பக்கத் துவாரத்தில் மெல்லச் செருகினார். ஒரு சாண் போனதும் தட்டியது. திருகித் திருகி அழுத்தினார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் கீழிருந்து கறுப்புக் கூழ் போல மக்கிய சருகு வழிந்தது, அதன் பின்னால் தண்ணீர் கொட்டியது. மழை விட்டுச் சில நாளாகியும் அவ்வளவு தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது. பிறகு கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டியின் பின்முனையில் ஸ்குரூ டிரைவரை வைத்து விரலால் அமுக்கினார். பெயின்ட் மேலே பளபளவென்று இருந்தது. ஸ்குரூ டிரைவர் பிடிவரை உள்ளே போய்விட்டது.

“தம்பி, இஞ்சினுக்கு நான் பொறுப்பு. இந்தத் தகரத்துக்கு யார் பொறுப்பு?” என்றார்.

கூரையுள்ள காரிலேயே அந்தப் பெட்டி துருப்பிடித்தால் பலம் குறையும். கூரை இல்லாத காரில் அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விறைப்பாகப் பிடித்து வைப்பதே அந்த இரண்டு பெட்டிகளும், இருக்கைகளுக்கு நடுவே நீளமாக ஓடும் சுரங்கம் போன்ற தகர மேடும்தான். கதவைச் சாத்தும்போது சற்றுத் தூக்கிச் சாத்த வேண்டியிருப்பதாக உரிமையாளர் முன்னரே சொல்லியிருந்தார். பிணைச்சல் தேய்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

ஆக, கராஜ் போட்ட செலவில் பாதிக்கு மேல் டிங்கரிங் வேலைக்கு. அடுத்தது கூரை: பின் கண்ணாடியாக வரும் பிளாஸ்டிக் பால் நிறமாகிவிட்டது, ஓரத் தையல் பிரிந்திருந்தது. இன்ஜின், கியர், பிரேக் எல்லாம் சேர்ந்தும் மூன்றாவது இடம்தான்.

மஸ்டாவின் ஊரான ஹிரோஷிமாவில் என்ன நடக்கிறது

மைத்துனரின் வாதம் சுருக்கமானது: “பழசுக்கு ஏன் அழ வேண்டும், புதுசு வரும்தானே.” வருமா, எப்படி வரும் என்று பார்க்க வேண்டும்.

எம்எக்ஸ்-5 முதன்முதலில் 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் காட்டப்பட்டது. இரண்டாம் தலைமுறை 1998இல், மூன்றாவது 2005இல், நான்காவது 2015இல் வந்தன. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் வெளியே வந்தது. உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் பெயர் அதற்கு 2000ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. முந்திய தலைமுறைகள் ஏழிலிருந்து பத்து வருஷத்துக்குள் மாறியிருக்க, நான்காவது பத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. வயதான கார் என்று சொல்வதில் தவறில்லை.

ஆனால் கைவிடப்பட்ட கார் இல்லை. 2019 மாதிரியில் 2.0 லீற்றர் இன்ஜினை 184 குதிரைவலுவுக்கு ஏற்றினார்கள். 2021 கடைசியில், வளைவில் உள்பக்கப் பின் சில்லைச் சற்றே பிரேக் பிடித்து உடலைத் தாழ்த்திப் பிடிக்கும் ஒரு ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். 2023 ஒக்டோபரில் ஜப்பானில் அறிவித்த திருத்தத்தில் மின்னணு அமைப்பையே பெரும்பாலும் மாற்றினார்கள், பின் டிஃபரன்ஷியலும் புதிது. அந்தத் திருத்தத்துக்கு முக்கிய காரணம் வாடிக்கையாளர் ஆசை இல்லை. காரின் கணினியை வெளியாள் ஊடுருவாமல் காக்க வேண்டும் என்ற ஐ.நா. விதிமுறைதான். அதே விதியால் 2024இல் பெற்றோல் போர்ஷ் 718 ஐரோப்பிய ஒன்றியச் சந்தையை விட்டுப் போனது. கட்டாயப் பாதுகாப்புக் கருவிகள் பற்றிய இன்னொரு விதியால் டொயோட்டா ஜிஆர்86 காரும் அங்கே இரண்டே வருஷம்தான் விற்றது. அப்படிப் பார்த்தால், ஆண்டுக்குச் சில பத்தாயிரம் மட்டும் விற்கும் ஒரு சின்னக் காருக்காக வயரிங் வரை பிரித்து மாட்டிய மஸ்டாவைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தச் சின்ன எண்ணிக்கைதான் இதன் நிரந்தரத் தலைவலி. நான்காம் தலைமுறையின் அடித்தளம் வேறு எந்த மஸ்டாவுக்கும் பயன்படவில்லை. 2016இலிருந்து சில காலம் ஃபியட் 124 ஸ்பைடரையும் அதே ஹிரோஷிமா தொழிற்சாலையில் செய்து செலவைப் பங்கிட்டார்கள், அதுவும் நின்றுவிட்டது. புதிய தலைமுறைக்குப் போடும் முதலை மீட்க நீண்ட காலம் விற்க வேண்டும். அதனால்தான் அவசரப்படாமல் பழையதை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது என் எண்ணம்.

அடுத்தது என்ன? முழு மின்சாரக் காராக மாற்றும் பேச்சு ஒரு காலத்தில் இருந்தது. 2023 டோக்கியோ கண்காட்சியில் காட்டிய ஐகோனிக் எஸ்பி மாதிரியில் சுழல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து 370 குதிரைவலு, எடை 1,450 கிலோ. அழகான கார், ஆனால் 940 கிலோவில் ஆரம்பித்த ஒரு பரம்பரைக்கு அது வாரிசு ஆகாது. 2025இல் மஸ்டா ஆட்களின் பேச்சு வேறு திசையில் போனது: மனுவல் கியர் இருக்கும், எடை குறைவாகவே இருக்கும், இன்ஜின் ஸ்கைஅக்டிவ்-இசட் என்ற பெயரில் மஸ்டா செய்துவரும் புதிய 2.5 லீற்றர் இன்ஜின். அந்த இன்ஜின் முதலில் 2027இல் சிஎக்ஸ்-5 ஜீப்பில் வருவதாகத் திட்டம்.

2.5 லீற்றர் எதற்கு என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கதை அங்கேதான் திரும்புகிறது. சாதாரண பெற்றோல் இன்ஜினை முழு வேகத்தில் மிதித்தால், சூட்டைத் தணிக்கத் தேவைக்கு அதிகமாகப் பெற்றோலைத் தெளிக்கும். அந்த மிகுதி புகையாக வெளியே போகும். வரவிருக்கும் யூரோ 7 புகை விதிக்கு அது ஆகாது. எனவே எந்த வேகத்திலும் காற்றும் பெற்றோலும் சரியாக எரிந்து முடியும் அளவிலேயே கலக்கும்படி புதிய இன்ஜினை வடிவமைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் வலு குறையும். இழந்ததை ஈடுகட்டக் கொள்ளளவைக் கூட்ட வேண்டும். பொறியியலாகப் பார்த்தால் நேர்மையான தீர்வு.

மலையில் அது நல்ல தீர்வும்கூட. தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடப் பத்திலொரு பங்குக்குச் சற்று மேல் குறைவு. 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் ஆறிலொரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டேர்போ இல்லாத இன்ஜினின் வலுவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். கொழும்பில் 120 குதிரைவலு தரும் நம் யூனோஸ், நுவரெலியா தபால் கந்தோர் வாசலில் 100தான் தரும். நானுஓயாவிலிருந்து மேலே ஏறும்போது இரண்டாம் கியரைத் தேட வைப்பது இன்ஜினின் வயது மட்டுமில்லை.

நம் பக்கக் கணக்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷத்தில் உள்ளூரில் இருந்த கார்களின் விலை எங்கே போனது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்போது கொண்டுவரலாம், ஆனால் உற்பத்தி வரி இன்ஜின் கொள்ளளவின்படி, படிக்குப் படி ஏறும் விகிதத்தில், ஒவ்வொரு கன சென்றிமீற்றருக்கும் இவ்வளவு என்று விழுகிறது. அதாவது 2.5 லீற்றர் காருக்கு 1.5 லீற்றர் காரைவிட அளவும் அதிகம், ஓர் அளவுக்கான விகிதமும் அதிகம். பெறுமதி கூடினால் சொகுசு வரி. அதற்குமேல் 18 சதவீத வற். ஹிரோஷிமாவில் சரியான தீர்வாக இருக்கும் பெரிய இன்ஜின் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும்போது, கைக்கெட்டும் ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லையே இழந்துவிடும்.

இதை நான் சொன்னதும் மைத்துனர் கொஞ்சம் அடங்கினார். ஐந்தாம் தலைமுறை வரட்டும், நன்றாகவே இருக்கும், நமக்கு வராது. சிறிய இன்ஜினோடு ஒரு வகை வைத்தால் கதை மாறும். அப்படி எந்த அறிவிப்பும் இல்லை.

இப்போதைய நான்காம் தலைமுறை? ஜப்பானில் துணிக் கூரை வகைக்கு 1,496 சிசி இன்ஜின்தான் வழக்கமானது. நம் வரிப் படிகளுக்குள் அது ஓரளவு அடங்கும், கார் வலப்பக்க ஸ்டியரிங், எடையும் ஒரு தொன்னைச் சுற்றித்தான். அங்கே 2023 திருத்தத்தின்போது விலை 30 இலட்சம் யென்னுக்குச் சற்றுக் கீழே ஆரம்பித்தது. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் பாவித்த கார் கொண்டுவர வயதெல்லை உண்டு. 2015, 2016இல் செய்த, ஜப்பானில் விலை இறங்கிவிட்ட கார்களைத் தொட முடியாது, கிட்டத்தட்டப் புதியதைத்தான் வாங்க வேண்டும். எல்லா வரியும் சேர்த்தால் தலவாக்கலையில் ஒரு வீட்டுக் காணியின் பேச்சு வந்துவிடுகிறது.

இன்னொரு வழியையும் யோசித்துப் பார்த்தோம். கொள்ளளவுக்கு வரி என்றால், 660 சிசி டேர்போ இரண்டு இருக்கைக் கார் நமக்கென்றே செய்ததுபோல இருக்க வேண்டுமே? ஹொண்டா எஸ்660 அப்படிப்பட்டது: 658 சிசி, 64 குதிரைவலு, 830 கிலோ. டேர்போ என்பதால் உயரத்திலும் பெரிதாக மூச்சு வாங்காது. 2022 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். வயதெல்லை அதையும் மூடிவிட்டது.

மின்சாரக் காரை ஏளனம் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மலைக்கு மின்மோட்டார் பொருத்தமே. காற்று மெலிந்தாலும் அதன் வலு குறையாது. ஆளோடு 1,100 கிலோ எடையுள்ள கார் நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும்போது சுமார் 4 கிலோவாட் மணி சக்தி இறக்கத்திலேயே இருக்கிறது. இப்போது அது முழுவதும் பிரேக் தட்டில் சூடாகவும் இன்ஜின் இழுவையாகவும் போகிறது, மின்காரில் அதில் கணிசமான பங்கு பற்றரிக்குத் திரும்பும். ஆனால் 1,100 கிலோவுக்குள், கைக்கெட்டும் விலையில், மின்சார ரோட்ஸ்டர் செய்து விற்பவர் யார்? அந்தக் கார் வந்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

என்ன முடிவு செய்தோம்

விற்றுவிடு என்பதற்குப் பாஸ் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: “வித்தா காசு வரும் தம்பி, கார் வராது.” நாட்டில் இருக்கிற எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை. ஒன்று துருவில் போனால் ஒன்று குறையும், அவ்வளவுதான். விலையேற்றத்தை நம்பி வைத்திருக்கச் சொல்லவில்லை, அது சூதாட்டம். ஓட்டுவதற்காக வைத்திருப்பவருக்கு மாற்றுக் கார் இல்லை என்பதுதான் என் வாதம். இந்த மலைப் பாதையில் 60 கிலோமீற்றர் வேகத்துக்குமேல் போக இடமில்லை. நான்கு பக்கமும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், பாதிக்குப் பாதி எடைப் பங்கீடு, கையில் அடங்கும் கியர் உள்ள காருக்கு அந்த வேகமே போதும். 200 குதிரைவலு கார் இங்கே மூன்றாம் கியரைப் பார்க்காமலே தலவாக்கலையிலிருந்து ஹட்டன் வந்துவிடும். 1934இலிருந்து நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு, இலேசான கார் வளைவில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

மைத்துனர் கடைசியாக ஒரு அம்பு விட்டார்: காசு போடுவதானால் 1.8 இன்ஜினைப் போட்டுவிடலாமே? போடலாம், பொருந்தும். ஆனால் இன்ஜின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும். அதைவிட, துருப்பிடித்த பெட்டிமேல் கூடுதல் வலுவை ஏற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினோம்.

வேலை வரிசை இப்படி அமைந்தது. முதலில் தகரம். பெட்டியின் பின் மூன்றிலொரு பங்கை வெட்டி எடுத்து, உள் தகடும் வெளித் தகடுமாகப் புதிதாக வளைத்து ஒட்டுவது. மேலே பட்டி பூசி மறைக்கும் வேலை கூடாது என்று பாஸிடம் எழுதியே வாங்கினார் உரிமையாளர். பாஸுக்குக் கோபம், ஆனாலும் கையெழுத்து வைத்தார். வெட்டுமுன் கதவிடைவெளி மாறாமலிருக்கக் குறுக்குக் கம்பி வைத்துக் கட்டினார்கள். இதைச் செய்யாமல் வெட்டிய திறந்த கார்களில் பிறகு கதவே பொருந்தாது. ஒட்டி முடித்து உள்ளே மெழுகு தெளித்தபின் துவாரங்களுக்குப் புதுக் குழாய். அதற்குப் பிறகு பிரேக், கிளச் சிலிண்டர், புஷ் ரப்பர்கள். இன்ஜினுக்கு டைமிங் பெல்ட்டும் தண்ணீர்ப் பம்பும் மட்டும்.

இடது பக்கம் முடிந்துவிட்டது. கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினால் சாத்துகிறது. வலது பக்கத்தைத் திறந்தபோது எதிர்பார்த்ததைவிடத் துரு குறைவு. துரைவீட்டுக் கொட்டகையில் அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றிருக்கும் என்பது பாஸின் ஊகம்.

பாக்கி இருப்பது கூரை. மஸ்டா 2017 கடைசியிலிருந்து ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைத் தானே புதுப்பித்துக் கொடுக்க ஆரம்பித்தபோது துணிக் கூரை உட்படச் சில பாகங்களை மறுபடி செய்தது. அதைத் தருவிக்கலாம், விலை கடிக்கும். இரண்டாம் தலைமுறைக் காரின் கூரையில் பிளாஸ்டிக்குக்குப் பதில் உண்மையான கண்ணாடி, அது இதிலும் பொருந்தும், மலைக் குளிரில் உள்ளே படியும் பனியைத் துடைக்கவும் இலகு. கழற்றிய கூரை ஒன்று நல்ல நிலையில் கிடைக்குமா என்று பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வழி, கண்டியில் முச்சக்கரவண்டிக் கூரை தைப்பவரிடம் கொடுப்பது. உரிமையாளர் மூன்றாவதன் பக்கம் சாய்கிறார். நான் இரண்டாவதற்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன். தென்மேல் பருவ மழைக்கு முன் ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும்.